ஏழாம் தேதி, பெரிய அரங்கம், மாலை ஐந்து மணி

எங்கள் கல்லூரியில் ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர வேண்டுமென்றால் அறிவிப்பில் “தேநீர் உண்டு” என்று ஒரு வரி போட்டால் போதும். பன்னிரண்டு பேராவது கூடுதலாக வருவார்கள். “தலைமையுரை” என்று போட்டால் அதே பன்னிரண்டு பேர் கழன்றுகொள்வார்கள். இருபத்தாறு வருடமாக இதைப் பார்த்துவருகிறேன், அம்மா.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். “இந்தத் தாளுக்கு அடியில இருபத்தாறாம் தேதி அச்சானதுன்னு போட்டிருக்கு. அப்பா போனது முப்பதாம் தேதி. இது எப்படிங்க?” பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்க்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் கேட்டீர்கள். வாயால் சொன்னால் குழப்பிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். இதன் பிரதி ஒன்றை நாளைக் காலையில் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவேன். நீங்கள் அலைய வேண்டியதில்லை.

முதலில் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளம்பச்சைத் தாள், இரண்டு மடிப்பு, மேலே “வரவிருக்கும் நிகழ்ச்சிகள்”. இடப்பக்கம் தேதி, நடுவில் நிகழ்ச்சி, வலப்பக்கம் இடம். வியாழக்கிழமைக் கவிதை வாசிப்பு நூலக மாடியில், ஓவியக் கண்காட்சி கீழ்த்தாழ்வாரத்தில், மாணவர் நாடகம் பெரிய அரங்கத்தில். நானூறு பிரதிகள். ஒவ்வொரு மாதமும் இருபத்து மூன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு அச்சகத்துக்குப் போகும். முதல் தேதி காலை எட்டு மணிக்குப் பலகையில் இருக்கும். எங்களுடையது சின்ன ஊர், சின்னக் கல்லூரி. சாயங்காலம் எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு அந்தத் தாள்தான் கதி. என்னைத் “தாள்காரர்” என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவி இருந்தபோது, “நீங்க என்னைக் கட்டினதுக்கு அந்தத் தாளையே கட்டிக்கிட்டிருக்கலாம்” என்பாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்தத் தாளை என்னிடம் ஒப்படைத்தவர் உங்கள் அப்பா. அப்போது அவர் இலக்கியத் துறைத் தலைவர், நான் அலுவலகத்தில் தபால் பிரிக்கிறவன். “இவன் எழுத்து அழகா இருக்கு, பிழையில்லாம இருக்கு, இவன்கிட்ட குடுங்க” என்றார். என் வாழ்க்கையில் வேறு யாரும் என்னைக் குறிப்பிட்டு எதையும் கேட்டதில்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகும், மாதக் கடைசியில் அவர் வீட்டுக்குப் போய் முதல் பிரதியை வாசித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக் கேட்பார். அரங்கம் சரியில்லை, நேரம் சரியில்லை என்று ஏதாவது சொல்வார். அவர் சொன்னது எப்போதும் சரியாகவே இருந்தது.

போன வருடம் ஒரு பிழை நேர்ந்தது. வெளியூர்க் கவிஞர் ஒருவருக்கு நூலக மாடி என்று போடுவதற்குப் பதில் பழைய அரங்கம் என்று போட்டுவிட்டேன். கூட்டம் தேடித் தேடி எப்படியோ நூலக மாடிக்குப் போய்விட்டது. கவிஞர் மட்டும் தாளை நம்பி, அறுபது காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். முதல்வர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தாளை நிறுத்திடலாம். எல்லாரும் போன்ல பாத்துக்குவாங்க” என்றார், வேறெதையோ படித்துக்கொண்டே. அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி உங்கள் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூச்சுத் திணறல், நினைவில்லை. டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தி, ரெண்டு நாள் தாங்கினால் பெரிது, மகளை வரச் சொல்லுங்கள் என்றார். உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னது நான்தான். சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன். மறுநாள் பதினோரு மணிக்குத் தாள் போக வேண்டும்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் நூலகர் ஒரு மாதத்தின் இரண்டாம் தேதி இறந்துபோனார். தாள் அதற்குள் வந்துவிட்டது. அவருடைய நினைவுக் கூட்டத்தை யாரோ கையால் எழுதி, பலகையில் தாளின் மேலேயே குண்டூசியால் குத்தினார்கள். காற்றில் அது மடங்கிக்கொண்டது. எட்டுப் பேர் வந்தார்கள், அதில் இருவர் நாற்காலி போட்டவர்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தவறேதும் இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஏழாம் தேதி சனிக்கிழமை, பெரிய அரங்கம் காலியாக இருந்தது. மறைந்த நம் பேராசிரியருக்கு நினைவுக் கூட்டம், மாணவர்கள் அவர் கவிதைகளை வாசிப்பார்கள், அவர் மகள் சில வார்த்தைகள் பேசுவார், மாலை ஐந்து மணி என்று எழுதினேன். எழுதும்போது அழுதேன். பிழை திருத்தினேன். இருபத்து மூன்றாம் தேதி பதினோரு மணிக்கு அச்சகத்தில் கொடுத்தேன்.

அன்று மாலை நீங்கள் வந்தீர்கள். இருபத்து நான்காம் தேதி காலையில் அவர் கண் விழித்தார். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். எனக்கும் சந்தோஷம்தான் அம்மா, அது பொய்யில்லை. ஆனால் அதற்குள் தாள் அச்சில் ஏறிவிட்டிருந்தது; அடியில் இருப்பது அடித்து முடித்த தேதி.

இருபத்தாறாம் தேதி நானூறு தாளும் கட்டாக வந்தன. மேசைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அச்சகத்துக்காரரிடம் மறுபடி அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். பச்சைத் தாள் தீர்ந்துவிட்டது, புதிதாக வாங்க முதல்வர் கையெழுத்து வேண்டும் என்றார். முதல்வர் அறை வாசல் வரை போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கால் மணிநேரம் நின்றேன். உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் கூட்டம் அறிவித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அந்த வரியின் மேல் வெள்ளைத் துண்டு ஒட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரிந்தது. அதுவும் தவிர, ஒட்டியதைச் சுரண்டிப் பார்க்காத மாணவன் எங்கள் கல்லூரியில் இன்னும் சேரவில்லை. தாளை நிறுத்திவைக்கலாம் என்றால், முதல் தேதி பலகை காலியாக இருந்ததே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அப்படி ஒரு கையாலாகாத நிலையில் நான் அதுவரை இருந்ததில்லை.

இருபத்தேழாம் தேதி அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். மறுநாள் உங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று கிளம்பினீர்கள். கிளம்பும்போது இன்ஹேலரை என் கையில் வைத்து, “இது எப்பவும் அப்பா கைக்கு எட்டற மாதிரி இருக்கணும். நர்ஸம்மா மதியம் சாப்பிடப் போற நேரத்துல நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியாப் போறேன்” என்றீர்கள். சரி என்றேன். கட்டில் பக்கத்துச் சிறுமேசையில், தண்ணீர் டம்ளருக்கு வலப்பக்கம் வைத்தேன்.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் அவர், “தாள் வந்திருக்குமே, படி” என்றார். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். படித்தேன். ஆறாம் தேதி ஓவியக் கண்காட்சி, ஒன்பதாம் தேதி ஓரங்க நாடகம். அவர் கண்ணைத் திறந்தார்.

“ஏழாம் தேதி சனிக்கிழமையாச்சே. பெரிய அரங்கம் சும்மாவா கெடக்கு?”

“சும்மாதான் இருக்கு சார்.”

“அப்ப என்னைப் போடுப்பா. படுத்த இடத்துல பதினோரு கவிதை எழுதியிருக்கேன். சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டுப் போனா ஒரு மணிநேரம் வாசிச்சிருவேன்.”

அவரிடம் இரண்டாவது பொய் சொல்ல வாய் வராததாலோ என்னவோ, “உங்க பேரு ஏற்கனவே இருக்கு சார்” என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இன்ஹேலரை இழுத்து, மறுபடி சிரித்தார். “எனக்குத் தெரியும். டாக்டர், பாப்பா, எல்லாரும் என்னைத் தலைமுழுகிட்டாங்க. நான் பொழைச்சு வருவேன்னு நம்பினவன் நீ ஒருத்தன்தான்” என்றார். பாப்பா என்று அவர் சொன்னது உங்களைத்தான். இதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். எழுத ஆரம்பித்தபின் எதையும் விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

முப்பதாம் தேதி இரண்டு மணிக்கு நர்ஸம்மா சாப்பிடப் போனார். உங்கள் அப்பா கவிதைகளை வாசித்துப் பழக ஆரம்பித்தார். சிறுமேசை ஒரே குப்பையாக இருந்தது. காகிதம், மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை. நான் ஒழுங்குபடுத்தினேன். இன்ஹேலரைப் புத்தக அலமாரியின் மேல் வைத்தேன்.

ஒழுங்குபடுத்தும்போது வைத்தேன் என்றுதான் நர்ஸம்மாவிடம் சொல்வதாக இருந்தேன். அவர் கேட்கவே இல்லை, அவர் வருவதற்குள் அது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உங்களிடம் அப்படிச் சொன்னால் சரியாக இருக்காது. காலையில் வீட்டைப் பூட்டும்போதே அலமாரியின் உயரம் என் மனதில் இருந்தது.

ஏழாவது கவிதையில் உங்கள் அப்பாவுக்கு மூச்சு சிக்கிக்கொண்டது. கை டம்ளருக்கு வலப்பக்கம் போய்த் துழாவியது. “எங்கப்பா?” என்றார். “இங்கதான் இருக்கும் சார், பாக்கறேன்” என்றேன். பார்த்தேன். தலையணைக்கு அடியில் பார்த்தேன். மேசை இழுப்பறையில் பார்த்தேன். மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். போர்வையை உதறிப் பார்த்தேன். அலமாரியின் மேலே தவிர எல்லா இடத்திலும் தேடினேன். அவ்வளவு கவனமாக என் வாழ்க்கையில் எதையும் தேடியதில்லை. அவர் கண் என் கூடவே வந்தது. பாவம், எனக்குக் கஷ்டம் கொடுக்கிறோமே என்பதுபோல ஒரு முறை கையை அசைத்தார், விட்டுவிடு என்று. பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தனியாகப் போகவில்லை. அது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் தேதி எட்டு மணிக்குத் தாள் பலகையில் இருந்தது. முதல்வர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். என் தோளில் கை வைத்து, “இவ்வளவு துக்கத்துலயும் ஒரே ராத்திரியில எப்படிங்க இதைச் செஞ்சீங்க? நீங்க இருக்கறவரைக்கும் இந்தத் தாள் நிக்காது” என்றார். அடியிலிருந்த அச்சுத் தேதியை அவர் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. அச்சகத்துக்காரர் ஒவ்வொரு மாதமும் அதைப் பொடி எழுத்தில் போடுகிறார், இருபத்தாறு வருடத்தில் அதைப் படித்த முதல் ஆள் நீங்கள்தான். உங்கள் அப்பாவின் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் பழி தீர்க்க நினைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் அப்பாவைக் கொன்றது நான்தான். ஆனால் கோபத்தில் செய்யவில்லை, வெறுப்பில் செய்யவில்லை. அவர் பேரில் ஒரு பிழை வந்துவிடக் கூடாது என்று பார்த்தேன், அவ்வளவுதான். அவர் இருந்திருந்தால் அவரே புரிந்துகொண்டிருப்பார்.

ஏழாம் தேதி இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், தேநீர் உண்டு என்று போடாமலே. பின்சுவரை ஒட்டி நின்றவர்களையும் சேர்த்து எண்ணினேன். பதினோரு கவிதையையும் மாணவர்கள் வாசித்தார்கள். நீங்கள் சில வார்த்தைகள் பேசினீர்கள். அப்பாவுக்குக் கடைசிவரை ஒரு நல்ல மனிதர் துணையிருந்தார் என்று என்னைக் காட்டிச் சொன்னீர்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாளில் போட்டிருந்தது எல்லாம் போட்டிருந்தபடியே நடந்தது. ஒன்றே ஒன்றுதான் தவறியது. ஐந்து மணி என்று போட்டிருந்தேன். நீங்கள் அரங்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததால் ஐந்து பத்துக்குத்தான் தொடங்க முடிந்தது. அதற்காக உங்களை நான் யாரிடமும் குறை சொன்னதில்லை.