ஆள் தெரியலங்குது கம்ப்யூட்டர்

...அட, இந்த முடிச்சு வேற நழுவுது. கடல்பாசியக் கயித்துல கட்டுறவளுக்குப் பத்து வெரலு பத்தாது தாயி, பதினஞ்சு வேணும். ஈரம் காயுறதுக்குள்ள இந்தக் கயித்த முடிக்கணும். நான் பாட்டுக்குக் கட்டுறேன், நீ பாட்டுக்குத் தட்டு. பேசுனா எடஞ்சலா இருக்கா ஜெர்லினு? இல்லையில்ல? வெளிய நாலு பேரு முன்னாடி எனக்கு வாயே வராது. நீன்னா சும்மா கேட்டுக்கிட்டு இருப்ப.

என்ன சொல்லுது இப்ப? அதே பாட்டுத்தானா? சொருகுன சாமான் என்னன்னு தெரியலையாமா! ரெண்டு நாளா இதே ரோதனை. கடல் சூட்டக் குறிச்சு வைக்கிற அந்தக் கணக்கு மிஷினுக்கு என்ன கொறச்சல்? தம்மாத்துண்டு கண்ணாடிக்குள்ள அலை மாதிரி வளைச்சு வளைச்சுக் கோடு போடுதே... இம்புட்டுப் பெரிய கம்ப்யூட்டருக்கு அது யாருன்னு தெரியலையாக்கும்!

டிரைவருன்னு ஒண்ணு ஏத்துனாத்தான் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிரும்னு சொன்ன. ஏத்துன. அழிச்ச. திரும்ப ஏத்துன. கல்யாணத் தரகருகூட இத்தன நட நடக்க மாட்டாரு புள்ள.

ரேசன் கடை மிஷினும் இப்புடித்தான். கயிறு கட்டிக் கட்டி என் ரேகை தேஞ்சு போச்சா, வெரல வச்சா ஆள் தெரியலங்குது. போன மாசம் வாங்குன அதே ஆளுதான்டா நானு! சத்தமாச் சொல்ல வெக்கம், பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

சிரிக்காத. அஞ்சு மணிக்குள்ள ஒன் புராஜெக்ட அனுப்பலன்னா ஒங்க சாரு வாங்க மாட்டாருன்ன. நான் வாசிக்கிறேன், நீ எழுதுன்னா, ஆறாயிரம் நம்பருங்குற. ரெண்டு மாசத் தண்ணிச் சூடு அதுக்குள்ளதான கெடக்கு! போன சித்திரையில கடல் கொதிச்சு, நம்ம மூங்கித் தெப்பத்துல கட்டியிருந்த பாசியெல்லாம் வெளுத்துக் கஞ்சியா உதுந்துச்சே... எந்தச் சூட்டுல அழுகுதுன்னு இந்தக் கணக்குல தெரியும்னு சொன்னியா, அன்னையிலருந்து எனக்கும் இதே நெனப்புத்தான்.

காலைல கணக்க நீ எடுத்துருவ. காலேஜு பஸ்ஸு ஏறிட்டா, மத்தியானம் யாரு எடுத்தா? இந்த மதினிதான். இடுப்பளவு தண்ணியில ஒரு கையில மிஷினு, இடுப்புல சின்னவன். கம்பியத் தண்ணிக்குள்ள விட்டுப் பத்து நிமிசம் அசையாம நிக்கணும். பாசி எடுக்க வந்த மலிகாக்கா பாத்துட்டு, "என்னடி, கடலுக்குக் காச்சலா? தெர்மாமீட்டரு வச்சுப் பாக்குற!"ன்னு சத்தம் போட்டுக் கேட்டுச்சு. அம்புட்டுப் பொம்பளைகளும் சிரிச்சாளுக. நான் மிஷின முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன்.

வயரு மாத்திப் பாத்தியா? அதுவும் புதுசா? அப்ப கம்ப்யூட்டருக்குத்தான் கொழுப்பு.

இல்லாட்டி நம்ம ஊருக் காத்து. இங்கன எந்தச் சாமான் நிக்குது சொல்லு? என் கல்யாணத்துக்கு வந்த பேனு ரெண்டாம் வருசமே துருப்புடிச்சுப் போச்சு. மிக்சி போச்சு. டார்ச்லைட்டு போச்சு. ஆனா ஒங்க அண்ணன் வல்லத்துல அந்த ஜிபிஎஸ்சு மட்டும் ஏழு வருசமாக் குத்துக்கல்லு மாதிரி இருக்கு, எதனால? கரைக்கு வந்ததும் வயரு சொருகுற எடமெல்லாம் இஞ்சின் கிரீஸத் தடவிருவாரு. உப்பு அண்டவே அண்டாது. அதப் பாத்துத்தான நானும்... நீ ஒன் மிஷின சன்னல்ல உப்புக் காத்துல போட்டுட்டுப் போயிருந்தியா, முந்தாநாளு ஒரு வெரல் கிரீஸ எடுத்து, அந்தச் சின்ன ஓட்டை நெறைய அப்பி...

ஏ, என்ன அப்புடிப் பாக்குற?

நல்லதுக்குத்தான் தாயி செஞ்சேன்! அதனாலயா? மாதாவே! ரெண்டு நாளா வயர வஞ்சேன், டிரைவர வஞ்சேன், ஒண்ணுந்தெரியாத கம்ப்யூட்டர வஞ்சேன்... இரு, தீக்குச்சியில பஞ்சு சுத்தித் தாரேன். பதமா விடு. உள்ள நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கு, ஒடைச்சுப்புடாத. அம்மாடி, இம்புட்டா வச்சேன்? மணலும்ல சேந்து வருது! இந்தா, இன்னொரு பஞ்சு. ம்... இப்பச் சொருகு.

சத்தம் வந்துச்சுல்ல? வந்துச்சு! எல்லா நம்பரும் இருக்கா? மத்தியானத்துதும்? எறக்கு, இன்னும் எறக்கு... அந்தா, கோடு ஒரு எடத்துல துள்ளுது பாரு, அன்னைக்குத்தான் சின்னவன் தண்ணிக்குள்ள நழுவுனான். அவனப் புடிக்கப் போயி கம்பிய மேல தூக்கிட்டேன். அத அழிச்சுப்புடாத.

அனுப்பப் போறியா? முன்பக்கத்துல பேரு போடுவீகல்ல... இல்ல, ஒண்ணுமில்ல. அனுப்பு. நாலு பேரு பாப்பாக, எனக்கு எதுக்கு? சும்மா கேட்டேன்... மத்தியானம் எடுத்தது யாருன்னு ஒங்க சாரு கேட்டா என்ன சொல்லுவ? மதினின்னு சொல்லிறாத, ஊருக்கு நூறு மதினி இருக்கா. ஜோதிமேரின்னு...

அந்தா, ஒங்க அண்ணன் கூப்புடுறாரு. இந்தா வாரேங்க! கயிறு பாதிதான் ஆச்சு! கத்தாதீக, தூக்கிக்கிட்டு வாரேன்!

ஏ ஜெர்லினு, சின்ன எழுத்துல, ஒம்பேருக்குக் கீழ. ஜோதிமேரின்னு போடு. ஆனா அஞ்சாங்கிளாசு வரைக்குந்தான் படிச்சேன்னு மட்டும்...