கோணல் துவாரம்

அமீனுல்லா: கூரையை ஏன்யா இப்படிச் செங்குத்தா தூக்கி வெச்சிருக்கான்? மரத்தைப் பிரிக்கறதுக்குள்ள என் ஆளுங்க முதுகு ஒடிஞ்சிடும்.

அர்ச்சுனன்: அவன் ஊர்ல பனிக்கட்டி கொட்டுமாம் பாய். வழுக்கி வுழணும்னு அப்படி. தன் ஊரு சர்ச்சு எப்படியோ, அச்சு அசலா அப்படியே கட்டிட்டான் வெள்ளக்காரன்.

அமீனுல்லா: ஜவ்வாது மலையில பனிக்கட்டி! நல்ல கூத்து. சரி, தேக்கு நல்லாத்தான் இருக்கு. பாழடைஞ்ச சர்ச்சுன்னாலும் ஏலத்துல எடுத்தது வீண் போவல. நாளைக்கு வாணியம்பாடிலேர்ந்து லாரி வருது.

அர்ச்சுனன்: வேணாம் பாய். இங்க செத்துப்போன துரைசாணி நடமாட்டம் இருக்கு…

அமீனுல்லா: நீ வாச்மேனா இத்தினி வருசமா இங்கியே கெடக்கற. உன்னைப் புடிக்கலியா அவ?

அர்ச்சுனன்: சிரிக்காதீங்க…

அமீனுல்லா: அது இன்னா, செவுத்துல ஓட்டை? கோணலா உள்ள போவுது.

அர்ச்சுனன்: அது… எலி.

அமீனுல்லா: எலி கல்லைச் செதுக்கி வளைவு வெக்குமா?

அர்ச்சுனன்: பெருநோய்க்காரங்க, அதான் குஷ்டம் வந்தவங்க, பின்னாடி ரூம்ல நின்னு பூசை பாக்கறதுக்காம். ஒரு பாதிரியார் சொன்னாரு. அந்தக் காலத்துல அவங்கள உள்ள வுட மாட்டாங்களாம். அதையும் வுடாம கட்டிட்டான்…

அமீனுல்லா: அந்த ரூமுக்கு வழி எங்க?

அர்ச்சுனன்: அடைச்சாச்சு. கிட்ட போவாதீங்க!

அமீனுல்லா: ஷ்ஷ்… காத்து வருது.

அர்ச்சுனன்: மலைக்காத்து.

அமீனுல்லா: மலைக்காத்து சூடா வருமா? நின்னு நின்னு வருதுப்பா… மூச்சு மாதிரி.

அர்ச்சுனன்: வாங்க பாய், பஸ் போய்டும்…

அமீனுல்லா: இரு, குச்சி கிழிக்கறேன்… யா அல்லா! கண்ணு! உள்ள ரெண்டு கண்ணு இமைக்குது!

அர்ச்சுனன்: கத்தாதீங்க… பயந்துக்குவா.

அமீனுல்லா: யாரு?

அர்ச்சுனன்: என் பொஞ்சாதி. அம்மாக்கண்ணு. அவளுக்கும் அந்த நோய்தான். ஊர்ல சேக்கல. முள்ளுப்புதருக்குள்ள வழி வெச்சி, நான்தான் ஒளிச்சி வெச்சிருக்கேன். கூரையை எடுத்துட்டா மழைக்கு ஒதுங்க அவளுக்கு வேற எடமில்ல பாய்…

அம்மாக்கண்ணு: பாய்… குச்சியை அணைங்க.

அர்ச்சுனன்: நீ சும்மா இரு!

அம்மாக்கண்ணு: யோவ், அவரு வெரலைப் பாருய்யா… தோலு கருவுது! பாய், சூடு தெரியலியா உங்களுக்கு?

அமீனுல்லா: தெரியலம்மா… ரம்ஜான்லேர்ந்து இந்தக் கையில எதுவுமே தெரியல. வூட்ல இன்னும் சொல்லல. …அர்ச்சுனா, லாரி வராது. கூரை அப்படியே இருக்கட்டும். எனக்கும் தேவைப்படும்.