வலது பின்தூண்

பிளேன்டி, வெறும் தேத்தண்ணிதானே, ஆறிப்போனாலும் பரவாயில்லை, சேர், நான் குடித்துவிடுவேன். சுடவைத்துத் தரச் சொல்லி யாரையும் அலைக்கழிப்பது என் சுபாவம் அல்ல.

என் பெயர் ஸுஹைல். அலுவிகாரையில், வீட்டு மேல்மாடியில் இருந்துகொண்டு கணினிக்குள் பஸ்ஸைக் கவிழ்ப்பதுதான் என் தொழில். பஸீர் ஹாஜியாரின் பட்டறையில் புது பஸ் கட்டுவதற்கு முன், கவிழ்ந்தால் கூரை தாங்குமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. இரும்புக் குழாயின் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. வெல்டிங்கும் செய்கிறவரின் கையைப் பொறுத்தது. ஆகவே அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே பஸ்ஸைத் திரும்பத் திரும்பக் கவிழ்ப்பேன். பெரும்பாலான தடவைகளில் கூரை நின்றது. சில தடவைகளில் கூரையைத் தாங்கும் வலது பின்தூண் முறிந்து, அதனடியில் பயணிகளுக்குப் பதிலாக நான் இருத்தியிருந்த பொம்மைகள்மேல் கூரை இறங்கியது.

அந்தச் சில தடவைகளைப் பற்றி நான் ஹாஜியாரிடம் வாய் திறக்கவில்லை. அவருக்குத் தேவை நிற்குமா, நிற்காதா என்ற ஒரு பதில். நிற்கும் என்றேன். சராசரியாகப் பார்த்தால் அது பொய்யும் அல்ல. சந்தேகங்களை எல்லாம் கொட்டியிருந்தால் மனிதர் வேறு ஆளைத் தேடியிருப்பார்.

பஸ் லக்கல பாதையில் ஓடத் தொடங்கியது. என் தங்கை பஹ்மிதா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளும் மஸீனா டீச்சரும் பின்னால் வலப்பக்கம் சேர்ந்து உட்கார்ந்து, கதைத்துக்கொண்டே போவார்கள். இனிமேல் முன்னுக்குப் போய் இரு என்று தங்கையிடம் சொன்னேன். பின்னால் குலுக்கல் அதிகம், இடுப்புக்குக் கூடாது என்று காரணமும் சொன்னேன். தங்கை முன்னுக்கு மாறினாள்; மஸீனா டீச்சர் பழைய இடத்திலேயே இருந்தார்.

வளைவில் பஸ் கவிழ்ந்த அன்று எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் பஸ்ஸைப் பார்க்கப் போனேன். திரையில் முறிந்த அதே இடத்தில்தான் தூண் முறிந்திருந்தது. மனசுக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்கமாட்டேன். எது உண்மை என்று தெரியாமல் நான் பட்ட தவிப்பு அன்றோடு தீர்ந்தது. மஸீனாவை அப்போதுதான் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பயம் பிறகுதான் வந்தது. இப்போதெல்லாம், கவிழ்வதற்கு முன்பே அந்த இருக்கையிலுள்ள பொம்மை என் பக்கம் திரும்புகிறது. அதற்கு மஸீனாவின் முகம். இந்த வேலையில் சத்தமே கிடையாது, சேர். எனக்குக் கேட்கிறது. கணினியை அணைத்த பிறகும் கேட்கிறது.

மஸீனாவின் ஜனாஸா வீட்டில் துக்கம் கேட்டுத் திரும்பிய பஹ்மிதா அழவில்லை.

"எங்க ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லியிருக்கலாமே, நானா," என்று தன் அண்ணனான என்னிடம் சொன்னாள்.

உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி ஊரைப் பயமுறுத்தக் கூடாது என்று விளக்கினேன்.

"எனக்குச் சொல்ற அளவுக்குத் தெரிஞ்சிருந்திச்சே."

அதன்பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. கோபம் தணிந்தால் அவளுக்கே விளங்கும்.

அதே தூண்களோடு கட்டிய இன்னொரு பஸ் நாலந்தாப் பக்கம் ஓடுகிறது. காலையில் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். அதை நிறுத்த வேண்டுமா என்று ஹாஜியார் நேற்றும் கேட்டார். தேவையில்லை என்றேன். ஒரு விபத்தை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது, சேர்.