மேனேஜருக்கு மாத்திரை போதுமாம்

பூனைக்கு மாத்திரை கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நாக்கின் உள்கோடியில் வைத்து, வாயை மூடி, மூக்கில் லேசாக ஊத வேண்டும். தன்னை மறந்து விழுங்கிவிடும். ஒருமுறை ஒரு புலிக்கே இப்படிக் கொடுத்திருக்கிறேன். புலி விஷயம் பொய். மற்றதெல்லாம் உண்மை.

எங்கள் பூனையின் பெயர் மேனேஜர். யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். பன்னிரண்டு வயதுப் பெட்டை. என் மனைவிக்குப் பேச்செல்லாம் அதனிடம்தான். என்னிடம் "சாப்பாடு ஆச்சு", "கதவு சாத்தியாச்சு". அவ்வளவே. சண்டை ஒன்றுமில்லை. முப்பது வருஷம் என் கதைகளைக் கேட்டவளுக்கு ஒருநாள் போதும் என்றாகிவிட்டது.

ஒரு காலையில், மேனேஜர் படுத்திருந்த தலையணை உறையில் ரத்தக் கறை. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்றும் என் மனைவி வெளியே பெஞ்சில்தான் இருந்தாள், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு. ஊசியைப் பார்த்தாலே அவளுக்கு மயக்கம் வரும். அதனால் நான் மட்டும் கேட்டேன்.

"கர்ப்பப்பையில கேன்சர், சார். ஆனா நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. இந்த மாசமே கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதுவரைக்கும் இந்த மாத்திரை."

வெளியே வந்ததும் அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"என்னங்க சொன்னாங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சொன்னேன். பூனைக்குக் கர்ப்பப்பை இரண்டு கொம்பாக இருக்கும், இடது கொம்பு லீவு போட்டுவிட்டது, வலது கொம்பு தனியாளாக ஓவர்டைம் பார்க்கிறது, மாத்திரை போதுமாம்.

"புளுகாதீங்க" என்றாள். சிரித்தாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரே நாளில் ஆபரேஷன், பத்து நாளில் தையல் பிரிப்பு, அப்புறம் மறுபடியும் "கதவு சாத்தியாச்சு". உள்ளே திரும்பிப் போய் டாக்டரம்மாவிடம், "வீட்டுல ஆபரேஷனுக்கு ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றேன்.

வாரா வாரம் போனோம். பஸ்ஸில் வலது கொம்பின் கதையை மேலே சொல்லச் சொல்லிக் கேட்பாள். கேட்டபடியே என் தோளில் தூங்கிவிடுவாள். கறை பட்ட துணிகளை அவள் எழுவதற்குள் நானே துவைத்துவிடுவேன். பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும்; வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு ஒட்டிக்கொள்ளும். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். பிறகு உட்கார முடியாமல் படுத்துக்கொண்டு பார்த்தது.

ஐந்தாம் மாதம் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். மூச்சுவிடுவதே மேனேஜருக்குப் பெரிய வேலையாகிவிட்டது. வலியில்லாமல் கண்மூட வைக்கும் கடைசி ஊசி போட்ட அன்று என் மனைவி உள்ளே வந்தாள். மயங்கவில்லை. ஊசி இறங்கி முடியும்வரை முன்னங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அவள் முதுகைத் தடவினார். "ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டோமேன்னு மனசைப் போட்டு வருத்திக்காதீங்கம்மா. பயத்துல எல்லாரும் சொல்றதுதான்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "ஆமாம்மா, பயந்துட்டேன்" என்றாள்.

காட்டிக்கொடுக்கவில்லை, கவனித்தீர்களா. அவ்வளவு அன்னியோன்யம் எங்களுக்குள்.

இப்போது "சாப்பாடு ஆச்சு" என்றுகூடச் சொல்வதில்லை. தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். துக்கம்தான், சரியாகிவிடும். நாளைக்கு ஒரு குட்டி கொண்டுவரப் போகிறேன். பெட்டை. கொடுக்கிறவர், "இப்பவே கர்ப்பப்பையை எடுத்துட்டா பின்னால அந்தக் கேன்சர் பயமே இல்லைங்க, ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.