கோர்வைக்கு உட்கார்ந்தவள்

ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில் நின்று பாருங்கள் சார், நிற்கிறவர்கள் எல்லோருமே டாக்டர்தான். ஒருவர் பப்பாளி இலை என்பார், இன்னொருவர் செல்போனில் வீடியோ காட்டுவார். எனக்கு அந்தப் பேச்செல்லாம் ஆகாது. என் மனைவி சங்கீதாவின் வலிப்பு நோயைப் பற்றி எதைக் கேட்பதானாலும் டாக்டரம்மாவிடம்தான் கேட்டேன்.

மாத்திரை வாங்க நான்தான் போவேன். அவள் வீட்டில், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குத் தார்க்குச்சியில் பட்டு நூல் சுற்றி வைப்பாள். எங்கள் தறியில் ஓடுவது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நான் உடல் நாடாவைப் போட, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கரை நாடாவைப் போடுவாள். இரண்டு இழையும் கோத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு கை பிசகினாலும் கோர்வை பல்லிளிக்கும்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவே இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் விரல்கள் நடுங்கத் தொடங்கின. முதலாளி பரமசிவம் ஒரு புடவையை விரித்துப் பார்த்துவிட்டு, நாலு பேர் நடுவில், "இன்னா உமாபதி, இது உன் தறிதானா? கண்ணு தெரியலையாபா?" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "நடுக்கம் அந்த மாத்திரையால வர்றதுதான். அவங்கள நேர்ல கூட்டிட்டு வாங்க, அளவ கொறச்சோ வேற மாத்திரை மாத்தியோ பாக்கலாம். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. உயிருக்கே ஆபத்து."

எனக்கு நன்றாகவே புரிந்தது. அப்போது தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. அளவைக் குறைத்து, மாற்றிப் பார்த்து முடிப்பதற்குள் முகூர்த்தமே வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் சங்கீதா கேட்டாள். "கை ஆடிக்கினே இருக்குதுன்னு சொன்னீங்களா? டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"மாத்திரைய நிறுத்திடச் சொல்லிட்டாங்கமா. உனக்கு சரியாப்பூடுச்சாம்."

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

சில நாளில் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தாள். தெளிந்ததும், "ஒருக்கா டாக்டரம்மாவ நேர்ல பாத்துட்டு வரட்டுமா?" என்றாள். போனில் கேட்டுவிட்டேன் என்றேன். மருந்து உடம்பை விட்டுப் போகும்போது அப்படித்தான் இருக்குமாம், தானாக அடங்கிவிடுமாம் என்றேன். சரி என்று மறுபடி தறியில் உட்கார்ந்தாள். மீதி மாத்திரைகளை நான் குப்பையில் போட்டேன்.

புடவையின் உடல் முடியும் தறுவாயில், பக்கத்தில் அவள் தறியில் நீளமாகக் கட்டியிருந்த பாவு நூலின் மேல் சரிந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. முதலில் அவள் கையிலிருந்த நாடாவை எடுத்தேன். பிறகு பட்டு அறுந்துவிடாமல் விரல்களை இழை இழையாக விடுவித்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டது அதன் பிறகுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் போய்விட்டாள்.

அவளாகவே மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்று அவள் அண்ணன் ஜெயக்குமாரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அழுகை நிஜம், சொன்னது பொய். நிறுத்தியது நான். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் நிறுத்தினேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சார்.

கூடவே இதையும் எழுதுங்கள். அந்தப் புடவையில் அவள் கடைசியாக நெய்த பகுதியைப் புரட்டிப் பாருங்கள், கோர்வையில் ஒரு பிசிறு இருக்காது. மாத்திரையை நிறுத்தியதும் அவளுக்குக் கை நடுக்கம் சுத்தமாக நின்றுவிட்டது. அந்த விஷயத்தில் நான் அவளை ஏமாற்றவில்லை.