வெர்னாவின் கைக்கு ஏற்றது

புதிதாகக் குறிபார்த்துச் சுடப் பழகுபவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், ஐயா. கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று குட்டித் துப்பாக்கியாகப் பார்த்து வாங்குவார்கள். எடை குறையக் குறைய உதை கூடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. முதல் குண்டிலேயே மணிக்கட்டு எகிறும். இரண்டாவதற்கு விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும். மூன்றாவது கிடையாது. துப்பாக்கி அலமாரிக்குள் காலுறைகளுக்கு அடியில் போய்விடும்.

ராய்ஸ் டாக்கெட்டும் தன் மனைவிக்கு அப்படித்தான் வாங்கப் பார்த்தான். நான் தடுத்தேன். அந்தத் துப்பாக்கியை யார் தேர்ந்தெடுத்தது என்றுதானே கேட்டீர்கள். நான்தான்.

போன மார்ச்சில், சாலையோரத் தபால்பெட்டியில் கடிதம் எடுக்கப் போன என் மனைவி எலைனை ராய்ஸின் வண்டி அடித்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு ஆண்டு. மாலை வெயில் கண்ணில் பட்டது என்று நீதிமன்றத்தில் சொன்னான். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

துக்கத்துக்கு ஊரே சமைத்து அனுப்பியது. பாத்திரங்களின் அடியில் ஒட்டுநாடாவில் பெயர். ஒன்றில் ‘வெர்னா டாக்கெட்’ என்றிருந்தது. உருளைக்கிழங்கும் சீஸும். ராய்ஸின் மனைவி செய்தது. நன்றாகவே இருந்தது.

கழுவி எடுத்துக்கொண்டு போனேன். சமையலறைக் கதவைத் திறந்தவளின் வலது மணிக்கட்டில் கட்டு. கதவிலிருந்து அடுப்புவரை ஐந்து தப்படி. எங்கள் பக்கம் அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது. அதனால் நான் வேலை பார்க்கும் துப்பாக்கிக் கடையின் சீட்டு ஒன்றை உள்ளே வைத்திருந்தேன்: பெண்களுக்கு முதல் நான்கு வகுப்புகள் இலவசம்.

கட்டு அவிழ்த்த வாரம் ராய்ஸே அவளைக் கூட்டி வந்தான். கண்ணாடிப் பெட்டியிலிருந்த குட்டி ரிவால்வரைக் காட்டினான். நான் கல்லூரியில் படித்தவன் என்பதால் அவனுக்கு நான் ‘காலேஜ்காரர்’.

"அதை எடுங்க, காலேஜ்காரரே. ஒரு தடவை சுடட்டும், எகிறி மூக்குல அடிக்கும். அப்புறம் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டா."

"அப்ப வாங்குறதே தண்டம்தானே, ராய்ஸ். இந்தப் பாயின்ட் இருபத்திரண்டு காலிபர் துப்பாக்கியை எடுங்க. தோட்டா சின்னது, உதையே தெரியாது. இவங்க கை தாங்கும்."

"இதுவா? அணில்கூடச் சாகாதேய்யா."

"பேப்பரைத்தானே சுடப் போறாங்க."

ராய்ஸ் சிரித்தான். "கேட்டியாடி? பொம்மைத் துப்பாக்கி. உனக்கு அது போதும்."

படிவத்தில் வெர்னா கையெழுத்திட்டாள். பணத்தை அவனே கட்டினான்.

கடைக்குப் பின்னாலிருக்கும் சுடும் மைதானத்துக்குச் செவ்வாய்தோறும் வந்தாள். வட்டக் குறி புதியவர்களைச் சோர்வடையச் செய்யும். அதனால் ஆள் உருவம் அச்சிட்ட தாளை மாட்டினேன். தூரம் ஐந்து தப்படி. எங்கள் மைதானத்தின் முறையைப் பழக்கினேன்: எடுத்தால் பத்துத் தோட்டாவையும் சுட்டு முடிக்க வேண்டும், துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைக்க வேண்டும், இரண்டடி பின்னால் வந்து நிற்க வேண்டும். மூன்றாம் வாரமே பத்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன.

"எனக்குன்னு ஒண்ணு உருப்படியா வந்துருக்கு பாருங்க" என்றாள். பிறகு, "அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சொன்னேன். ராய்ஸ் மூன்று கூட்டாளிகளோடு கடைக்கு வந்திருந்தான்.

"உங்க வீட்டம்மா உங்களைவிட நல்லா சுடுறாங்க, ராய்ஸ்."

"டேய், இனிமே வீட்டுக்குள்ள கையத் தூக்கிட்டுத்தான் போகணும்போல" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை.

மாணவியைப் பாராட்டுவது ஆசிரியனின் கடமை. அடுத்த செவ்வாய் அவள் கன்னத்தில் பவுடர் திட்டாக அப்பியிருந்தது. கண் வீங்கியிருந்ததால் மற்றக் கண்ணால் குறிபார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த மாதம் இன்னொரு முறை பாராட்டினேன். அப்போதும் பவுடர். போன வெள்ளிக்கிழமை மூன்றாம் முறை பாராட்டினேன்.

அன்று மாலை ராய்ஸ் அடுப்பருகே நின்றான், வெர்னா கதவருகே நின்றாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒன்றிரண்டு குண்டு என்றால் தற்காப்பு, பத்துக் குண்டு என்றால் கொலை, ஆயுள் முழுக்கச் சிறை என்றும் சொன்னீர்கள். துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து நின்றிருந்தாளாம். நல்ல மாணவி.

அந்தக் குட்டி ரிவால்வரை வாங்க விட்டிருந்தால் மூக்கு உடைந்திருக்கும், அவ்வளவுதான். ராய்ஸ் உயிரோடு இருப்பான், வெர்னாவும் வீட்டில் இருப்பாள். அடி வாங்கிக்கொண்டு. அந்த வகையில் அவளுக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ராய்ஸை நான் கொன்றேன். அதற்கு வெர்னாவின் கை தேவைப்பட்டது. கையெழுத்துப் போடுகிறேன்.

சிறையில் தன்னைப் பார்க்க யார் வரலாம் என்று அவள் எழுதிக் கொடுத்த பட்டியலில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். சனிக்கிழமை போக விடுவீர்களா? உருளைக்கிழங்கும் சீஸும் செய்யக் கற்றுக்கொண்டேன். வெறுங்கையோடு போவது முறையல்ல.