டி டிரைவில் போன கல்யாணம்

அருவங்காடு பஸ்ஸில் என் முன் சீட்டில் ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஹார்டு டிஸ்கை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் கம்ப்யூட்டர் கடைக்காரர்.

"விண்டோஸ் போடறப்ப தெரியாம டி டிரைவை அழிச்சுட்டனுங்க. ஜெகதளா ஊர்க் கல்யாணப் படம் பூரா அதுலதான்."

"அழிச்சாலும் உள்ளயேதான் இருக்கும். எடுத்துரலாம்."

அழித்தது எப்படி உள்ளேயே இருக்கும்? எனக்குப் புரியவில்லை, என் போனில் நான் அழித்ததையெல்லாம் நினைத்துப் பயமாகவும் இருந்தது.

"அதுக்கு மேல எதையும் ஏத்தலயே?"

"காலியாத்தான கெடக்குதுன்னு நேத்து சோலூர் கல்யாணத்தை ஏத்திட்டனுங்க."

"அட போங்க! புதுசு பழசை மூடியிருக்கும், இனிப் பாதிப் படம் வந்தாலே பெருசு. மறுக்காத் தாலி கட்டச் சொல்லிப் படம் புடிங்க!"

"மாப்பிள்ளை மிலிட்டரிங்க. லீவு முடிஞ்சு பார்டருக்குப் போயிட்டாரு. ஒரு படமாச்சும் அனுப்புங்கண்ணான்னு பொண்ணு தெனம் போன் பண்ணுது."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். "குடுங்க இப்படி. இனி நீங்க இதைத் தொடாதீங்க."

வாங்கித் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டார்.